கையோடு போன அடுப்பு

பேராவூரணியிலிருந்து கடற்கரைப் பக்கம் போனால் சேதுபாவாசத்திரம் என்று ஓர் ஊர் வரும். பெயரிலேயே சரித்திரம் இருக்கிறது. இராமேசுவர யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் காலத்தில் வழி நெடுக எழுந்த சத்திரங்களில் ஒன்று அது. 1801-ஆம் வருஷம் சரபோஜி மன்னர் கும்பினியின் ரெஸிடெண்டுக்கு எழுதிய கடிதத்தில் இந்தச் சத்திரங்களைப் பற்றிப் பெருமையோடு சொல்லியிருக்கிறார். எந்த ஜாதியாராக இருந்தாலும் வருகிறவர்களுக்குச் சோறு உண்டு. சமைத்த சோறு வேண்டாம் என்கிறவர்களுக்கு அரிசியும் சாமான்களும் பச்சையாகவே கொடுக்கப்படும்.

அந்தப் பச்சை அரிசியிலிருந்துதான் நம்முடைய பிரயாண அடுப்பின் கதை தொடங்குகிறது. அரிசியை வாங்கிக்கொண்டவர்களுக்குச் சொந்தமாக ஒரு நெருப்பு வேண்டியிருந்ததல்லவா? மேல்நாட்டான் கையடுப்பைத் தூக்கிக்கொண்டு போனது, போகிற இடத்தில் மனிதர்களே கிடையாது என்பதால். நம்மில் பலர் தூக்கிக்கொண்டு போனது, போகிற இடமெல்லாம் மனிதர்கள் இருந்தார்கள் என்பதால்!

இரயில் வந்தும் இது மாறவில்லை. ஸ்டேஷன் சாப்பாட்டு அறைகளிலேயே பிராமணருக்கு ஓர் இடம், மற்றவருக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்திருந்தார்கள். பெரியாரும் நீதிக்கட்சியாரும் கிளர்ச்சி செய்து, 1941-இல்தான் அது ஒழிந்தது. அந்த அறைகளையும் நம்பாதவர்கள் குமுட்டி அடுப்பும் கரி மூட்டையுமாக வண்டி ஏறினார்கள். என் பாட்டி சொல்லுவாள்: பிளாட்பாரத்தில் குமுட்டியைப் பற்றவைத்து, சாதம் பாதி வேகும்போது கார்டு விசில் ஊதிவிட்டால், வெண்கலப் பானையை முந்தானையால் பிடித்துக்கொண்டு ஓட வேண்டியதுதான். ஆசாரம் பிழைத்ததா என்பதைவிடக் கை பிழைத்ததா என்பதே அப்போது பெரிய கேள்வி.

குமுட்டியை ஓரங்கட்டியது ஒரு ஸ்வீடன்காரர். 1892-இல் ஸ்டாக்ஹோமில் லிண்ட்க்விஸ்ட் என்பவர் புகையில்லாத மண்ணெண்ணெய் அடுப்பு ஒன்றைச் செய்தார். பிரைமஸ் என்று பெயர். அதற்குத் திரி கிடையாது. தலையை முதலில் ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்க வேண்டும். பிறகு பம்பு அடித்தால், எண்ணெய் காற்றழுத்தத்தில் மேலே ஏறி, சூடான குழாயில் ஆவியாகி, ஊசித் துளை வழியே சீறிக்கொண்டு நீலமாக எரியும். துளை அடைத்தால் குத்துவதற்கு ஒரு பின். இந்தப் பின்னைத் தேடி வீட்டையே தலைகீழாகப் புரட்டாத குடும்பம் அந்தக் காலத்தில் இருந்திருக்காது.

இதே அடுப்பைத்தான் நான்ஸென் வடதுருவப் பனிக்குக் கொண்டுபோனார். அமுண்ட்ஸென் 1911-இல் தென்துருவத்துக்குக் கொண்டுபோனார். 1953 மே 28-ஆம் தேதி இரவு, எவரெஸ்ட் சிகரத்துக்குச் சற்றுக் கீழே, ஏறத்தாழ 27,900 அடி உயரத்தில், ஹில்லாரியும் டென்சிங்கும் அதில் பனியை உருக்கிக் குடித்தார்கள். விடியற்காலையில் ஹில்லாரியின் பூட்ஸ் கல்லாய் உறைந்திருந்தது. அதே அடுப்பின் மேல் காட்டித்தான் அதை இளக்கினார். நியூஸிலாந்துத் தேனீக்காரர் ஒருவரும் ஷெர்ப்பா ஒருவரும் ஒரே நெருப்பில் காய்ந்த தண்ணீரைக் குடித்துவிட்டு உலகத்தின் உச்சிக்கு ஏறினார்கள். நம் ஸ்டேஷன்களில் தடுப்பு எடுபட்டு அப்போது பன்னிரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது.

இப்போது பம்பு ஸ்டவ் பரணில் கிடக்கிறது. உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தலை. அதைத் திருகி மாட்ட ஒரு காஸ் டப்பா. அவ்வளவுதான் பிரயாண அடுப்பு. பிரான்சில் ‘காம்பிங் காஸ்’ கம்பெனி 1949-இல் தொடங்கியபின் பரவிய சங்கதி இது. இமயமலைப் பக்கம் நடக்கப் போகிற என் அக்காள் மகன், “எதை வாங்கலாம், மாமா?” என்று கேட்டு எழுதியிருந்தான். நாவல் எழுதுகிறவனிடம் கேட்கிற கேள்வியா இது! ஆனாலும் விசாரித்து எழுதினேன். டப்பாவில் வெறும் பியூட்டேன் மட்டும் இருந்தால் வேண்டாம். உறைபனிக் குளிரில் அது ஆவியாகவே ஆகாது, திரவமாகப் படுத்துக்கொள்ளும். ஐஸோபியூட்டேன் மைனஸ் 12 டிகிரி வாக்கிலும், புரொப்பேன் மைனஸ் 42 டிகிரியிலும் கொதித்து ஆவியாகிவிடும். அவை கலந்த டப்பாதான் மலைக்கு ஆகும். குத்தித் துளைக்கிற டப்பாவை இடையில் கழற்ற முடியாது; மரையுள்ளதைக் கழற்றி மூட்டையில் வைத்துக்கொள்ளலாம். அடுப்பைக் கூடாரத்துக்குள் மூட்டம் போட்டு எரிக்கக் கூடாது. கண்ணுக்குத் தெரியாத விஷவாயு ஆளை முடித்துவிடும்.

இன்னொன்றும் எழுதினேன். 2023 ஆகஸ்ட் 26-ஆம் தேதி விடியற்காலையில் மதுரை ஸ்டேஷனில் நிறுத்தியிருந்த ஒரு சுற்றுலாப் பெட்டி தீப்பிடித்தது. உத்தரப் பிரதேசத்திலிருந்து வந்த யாத்திரிகர்கள். விதியை மீறி உள்ளே கொண்டுவந்த காஸ் சிலிண்டர்தான் காரணம். ஒன்பது பேர் மாண்டுபோனார்கள். சத்திரத்து அரிசி காலத்திலிருந்து வருகிற பழக்கம் அது. இப்போது சமைத்துத் தர ஆளில்லாத ஊர் ஒன்றுமில்லை. இரயிலிலும் விமானத்திலும் டப்பாவைக் கொண்டுபோக அனுமதி கிடையாது. ஆகவே டப்பாவை மலையடிவாரத்துக் கடையிலேயே வாங்கிக்கொள், அதுவரையில் ஸ்டேஷன் இட்லியைச் சாப்பிடு என்று எழுதியிருக்கிறேன்.