காத்தவராயன்: கழுவேற்றப்பட்டவனின் பெயர்

தோழர்களே, உங்கள் வகுப்பில் காத்தவராயன் என்று யாராவது உண்டா? இன்று தாத்தாக்களின் பெயராகவே இதை நாம் கேட்கிறோம்.

காத்த ராயன், அதாவது காவல் காத்த தலைவன். கதைப்பாடலில் இவன் பறையர் வீட்டில் வளர்ந்தவன். பார்ப்பனப் பெண் ஆரியமாலாவை விரும்பியதற்காகக் கழுவேற்றப்பட்டவன். அதே கதை இவனைச் சிவனின் மகன் என்றும் சொல்கிறது. அப்போது கழுமரம் சாபத்தின் பலனாகிவிடுகிறது. தண்டித்த சாதி தப்பித்துக்கொள்கிறது.

மக்களோ இவனைச் சாமியாகக் கும்பிட்டார்கள், பிள்ளைகளுக்குப் பெயராக வைத்தார்கள். ஈழத்தில் காத்தவராயன் கூத்து பெரும் புகழ் பெற்றது. தமிழகத்தில் 1958இல் சிவாஜி கணேசன் நடித்த படம் வந்தது.

1845இல் பிறந்த அயோத்திதாசப் பண்டிதரின் இயற்பெயரும் காத்தவராயன்தான். தம் ஆசிரியர் மீதுள்ள மதிப்பால் அவர் பெயரைத் தம் பெயராக்கிக்கொண்டார். 1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கிய அவரை வரலாறு அந்தப் பெயரிலேயே அறிகிறது.

2016இல் உடுமலைப்பேட்டையில், சாதி மறுத்து மணந்த சங்கரைப் பட்டப்பகலில் வெட்டிக் கொன்றார்கள். கழுமரம் போய் அரிவாள் வந்திருக்கிறது. ஆகவே காத்தவராயனைச் சாமி என்று மட்டும் சொல்லி நிறுத்த வேண்டாம்; சாதியால் கொல்லப்பட்டவன் என்றும் நம் பிள்ளைகளுக்குச் சொல்வோம்.