சால்ஸ்பெர்க் கேட்ட கேள்வி

1955 ஜூனில் நடந்த ஒன்டாரியோ மாகாணத் தேர்தலில் ஜோ சால்ஸ்பெர்க் தோற்றார். அதுவரை அந்தச் சட்டமன்றத்தில் மிஞ்சியிருந்த ஒரே கம்யூனிஸ்ட் அவர்தான். எனக்கு அந்தத் தோல்வியைவிட, அதற்கு அடுத்த இரண்டு வருடங்கள்தான் முக்கியமாகப் படுகின்றன.

1902ல் போலந்தில் பிறந்த யூதர். சிறுவனாக டொராண்டோ வந்து, பதிமூன்று வயதில் பள்ளியை விட்டுத் தொழிற்சாலைக்குப் போனார். தொப்பித் தொழிலாளர் சங்கம், கம்யூனிஸ்ட் கட்சி, 1938ல் நகர்மன்றம், 1943ல் செயின்ட் ஆண்ட்ரூ தொகுதியிலிருந்து சட்டமன்றம். ஸ்பாடினா சாலைத் தையல் தொழிலாளர்கள் வாழ்ந்த தொகுதி அது.

அப்போது ஒன்டாரியோவின் கடற்கரை போன்ற ஏரிக்கரைகளிலும் விடுதிகளிலும் யூதர்களுக்கு இடமில்லை என்று பலகை வைப்பார்கள். அதை எதிர்த்துச் சட்டமன்றத்தில் விடாமல் பேசியவர்களில் சால்ஸ்பெர்க் முக்கியமானவர். 1944ல் கன்சர்வேடிவ் அரசே இனப் பாகுபாடு தடைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. ஆனால் அது பலகையைத்தான் தடுத்தது. பலகை இல்லாமலே ஒருத்தரைத் திருப்பி அனுப்பலாமே? அதற்கு 1951ல் வேலைவாய்ப்புக்கும் 1954ல் பொது இடங்களுக்கும் தனிச் சட்டங்கள் வர வேண்டியிருந்தது. அவற்றுக்காகவும் அவர் குரல் கொடுத்தார்.

இதே மனிதர் சோவியத் யூனியனை நம்பினார். 1952 ஆகஸ்டில் மாஸ்கோவில் இத்திஷ் எழுத்தாளர்கள் ரகசியமாகக் கொல்லப்பட்டார்கள். அங்கே யூதர்களுக்கு என்னதான் நடக்கிறது என்று சால்ஸ்பெர்க் கட்சிக்குள் கேட்டுக்கொண்டே இருந்தார். கிடைத்த பதில், தலைமைப் பொறுப்பிலிருந்து நீக்கம். அப்போதும் கட்சியை விடவில்லை. 1955ல் அதன் வேட்பாளராகவே நின்றார்.

1956ல் ஸ்டாலின் காலக் குற்றங்கள் வெளியே வந்தன. கனடிய தோழர்களோடு மாஸ்கோ போய் குருஷ்சேவையே நேரில் சந்தித்தார். யூதர்களைப் பற்றிக் காலங்காலமாகச் சொல்லப்படும் வசைகளை அவர் வாயாலேயே கேட்டார். ஒன்டாரியோ விடுதிக்காரர்கள் பலகையில் எழுதியதற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்? திரும்பி வந்து, கண்டதை எழுதினார். 1957ல், முப்பது வருடக் கட்சி வாழ்க்கையை முடித்துக்கொண்டார்.

ஏன் இவ்வளவு தாமதம் என்று கேட்பது நியாயம்தான். நானும் கேட்டேன். ஆனால் எதிராளி வைத்த பலகையைக் கழற்றச் சொல்வது ஒன்று. நம் வீட்டு வாசலில் அதே பலகை தொங்குவதைப் பார்ப்பது வேறு. நாற்பது வயதுக்கு மேல் அவருக்கு நண்பர்கள், வேலை, மரியாதை எல்லாமே அந்த வீட்டுக்குள்தான் இருந்தன. தாமதமாகவாவது வெளியே வந்தார். 1998ல் இறக்கும்வரை திரும்பிப் போகவில்லை.