பெயர் சொல்லாத பணம்: தேர்தல் நிதியும் வாக்காளரின் உரிமையும்

வேட்பாளர் ஒருவர் நம் தெருவுக்கு வாக்குக் கேட்டு வரும்போது அவருடைய கட்சி எது, சின்னம் எது, கூட்டணி எது என்பதெல்லாம் நமக்குத் தெரிகின்றன. அவருடைய கட்சிக்குப் பணம் கொடுத்தவர் யார் என்பது மட்டும் பெரும்பாலும் தெரிவதில்லை. வெற்றி பெற்ற பிறகு அவர் நமக்குக் கடமைப்பட்டவரா, பணம் கொடுத்தவருக்குக் கடமைப்பட்டவரா என்ற கேள்விக்கு விடை அங்கேதான் இருக்கிறது. இந்தியாவில் தேர்தல் நிதி எப்படி வருகிறது, அதில் எது மறைக்கப்படுகிறது, நீதிமன்றங்கள் என்ன சொல்லியிருக்கின்றன என்பதை நமது தேனி மாவட்டத்திலிருந்தே தொடங்கிப் பார்ப்போம்.

ஆண்டிபட்டியில் கிடைத்த உறைகள்

2019 ஏப்ரல் 18 அன்று தேனி மக்களவைத் தொகுதிக்கும், ஆண்டிபட்டி சட்டமன்றத் தொகுதி இடைத்தேர்தலுக்கும் சேர்த்து வாக்குப்பதிவு நடந்தது. அதற்கு இரண்டு நாள் முன்பு, ஏப்ரல் 16 இரவில், ஆண்டிபட்டியில் அமமுக தேர்தல் அலுவலகம் இயங்கிய கட்டடத்தில் வருமான வரித்துறையும் பறக்கும் படையும் சோதனை நடத்தின. எதிர்ப்புத் தெரிவித்த கூட்டத்தைக் கலைக்கக் காவல்துறை வானத்தை நோக்கிச் சுட்டது. உள்ளே கிடைத்தது 1.48 கோடி ரூபாய். பணம் உறைகளில் பிரித்து வைக்கப்பட்டிருந்தது. வார்டு எண், வாக்காளர் எண்ணிக்கை, ஆளுக்கு 300 ரூபாய் என்ற கணக்கு ஆகியவை அவற்றின் மீது எழுதப்பட்டிருந்ததாக வருமான வரித்துறை தெரிவித்தது. அந்தப் பணம் தங்களுடையதல்ல என்று கட்சித் தரப்பு மறுத்தது.

அதே ஏப்ரல் 16 அன்றுதான் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப் பட்டுவாடா காரணமாக ரத்து செய்யப்பட்டது. அதற்கு முன்பு 2016இல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தொகுதிகளிலும், 2017இல் ஆர்.கே. நகரிலும் இதே காரணத்துக்காகத் தேர்தல் நிறுத்தப்பட்டது. ஒரு கட்சியை மட்டும் குறை சொல்லி முடித்துவிடக்கூடிய விஷயம் இது அல்ல.

300 ரூபாயை ஐந்தாண்டுப் பதவிக் காலத்துக்குப் பங்கிட்டுப் பார்த்தால் நாளொன்றுக்கு 17 காசு கூட வராது. கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் விடியற்காலையில் ஜீப்பில் ஏறிக் கேரள ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குப் போகும் ஒரு சகோதரி ஒரே நாளில் சம்பாதிப்பது இதைவிடக் கூடுதல். ஆனால் அந்த உறைகளை நிரப்பிய கோடிகளைக் கொடுத்தவர் எதற்காகக் கொடுத்தார் என்பதை யாரும் அந்தச் சகோதரியிடம் சொல்வதில்லை.

கட்சிக்குப் பணம் வரும் வழி

வாக்காளருக்குப் பணம் கொடுப்பது குற்றம். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 123ஆவது பிரிவு இதை முறைகேடான செயல் என்கிறது. வாக்குக்காகப் பணம் வாங்குவதும் சட்டப்படி குற்றமே. வேட்பாளரின் செலவுக்கும் உச்சவரம்பு உண்டு. தமிழ்நாட்டில் மக்களவை வேட்பாளருக்கு 95 லட்சம், சட்டமன்ற வேட்பாளருக்கு 40 லட்சம் ரூபாய் என்று 2022இல் நிர்ணயிக்கப்பட்டது. ஆனால் கட்சிகள் செய்யும் செலவுக்கு உச்சவரம்பு எதுவும் இல்லை. 20,000 ரூபாய்க்கு மேல் நன்கொடை கொடுத்தவர்களின் பெயரை மட்டுமே கட்சிகள் தேர்தல் ஆணையத்திடம் தெரிவிக்க வேண்டும். அதற்குக் குறைவாகக் கொடுத்தவர்கள் பெயரில்லாமலே இருந்துவிடலாம்.

இந்த ஓட்டையைப் பெரும் வாசலாக மாற்றியது தேர்தல் பத்திரத் திட்டம். 2017 நிதிச் சட்டத்தின் வழியாக இதற்கு வழி செய்யப்பட்டு, 2018 ஜனவரி 2 அன்று திட்டம் அறிவிக்கப்பட்டது. பாரத ஸ்டேட் வங்கியில் 1,000 ரூபாய் முதல் 1 கோடி ரூபாய் வரை மதிப்புள்ள பத்திரத்தை வாங்கி, விரும்பிய கட்சிக்குக் கொடுக்கலாம். கொடுத்தவர் பெயரைக் கட்சி வெளியிட வேண்டியதில்லை. நிறுவனங்கள் தங்கள் சராசரி லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் நன்கொடை தரக்கூடாது என்றிருந்த வரம்பும் அப்போதே நீக்கப்பட்டது. அதனால் நஷ்டத்தில் ஓடும் நிறுவனம்கூட எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்ற நிலை உருவானது. பத்திரத்தில் கண்ணுக்குத் தெரியாத எண் ஒன்று அச்சிடப்பட்டிருந்ததும் பின்னர் வெளிவந்தது. வாங்கியவர் யார் என்பது அரசு வங்கியின் பதிவேட்டில் இருந்தது. வாக்காளருக்கு மட்டும்தான் அது மறைவாக இருந்தது.

2024 தீர்ப்பும் வெளிவந்த பெயர்களும்

2024 பிப்ரவரி 15 அன்று, தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான ஐந்து நீதிபதிகள் அமர்வு இந்தத் திட்டம் அரசியல் சாசனத்துக்கு முரணானது என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. கட்சிகளுக்கு யார் பணம் தருகிறார்கள் என்பதை அறிவது, அரசியல் சாசனத்தின் 19(1)(அ) பிரிவு தரும் உரிமையின் ஒரு பகுதி என்பது அந்தத் தீர்ப்பின் சாரம்.

அதன் பிறகு விவரங்கள் வெளிவந்தன. 2019 ஏப்ரல் 12 முதலான கணக்கில் பாஜக பெற்றது சுமார் 6,060 கோடி ரூபாய். மிக அதிகமாகப் பத்திரம் வாங்கியது லாட்டரித் தொழில் செய்யும் ஃபியூச்சர் கேமிங் நிறுவனம், 1,368 கோடி ரூபாய்க்கு. அந்த நிறுவனத்திடமிருந்து 509 கோடி ரூபாய் பெற்றதாகத் திமுக தேர்தல் ஆணையத்திடம் தெரிவித்திருந்தது. ஏழைக் குடும்பங்களைச் சீரழிக்கிறது என்று 2003இல் லாட்டரி தடை செய்யப்பட்ட மாநிலம் நம்முடையது. அன்றைய சட்டப்படி அந்த நன்கொடை குற்றமல்ல. ஆனால் அந்தத் தகவல் தேர்தலுக்கு முன்பே வாக்காளருக்குத் தெரிந்திருக்க வேண்டாமா என்பதே நம் கேள்வி. மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சி பத்திரம் பெறவே மறுத்து, அதை எதிர்த்து வழக்கும் தொடுத்தது. மறுக்கவும் முடியும் என்பதற்கு அது சான்று.

எல்லை தாண்டி வரும் பணம்

வெளிநாட்டு நிதியைக் கட்சிகள் பெறக்கூடாது என்பது பழைய சட்டம். லண்டனில் பதிவான வேதாந்தா குழுமத்தின் இந்திய நிறுவனங்களிடமிருந்து நன்கொடை பெற்றதன் மூலம் காங்கிரஸும் பாஜகவும் அந்தச் சட்டத்தை மீறிவிட்டன என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் கூறியது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலை அதே குழுமத்தைச் சேர்ந்தது. பிறகு நடந்தது என்ன? 2016, 2018 நிதிச் சட்டங்களின் வழியாக ‘வெளிநாட்டு நிறுவனம்’ என்பதன் வரையறையே மாற்றப்பட்டது. அந்த மாற்றம் 1976 ஆகஸ்ட் 5 வரை முன்தேதியிட்டுச் செல்லும்படி செய்யப்பட்டது. எதிரெதிராக நிற்கும் இரண்டு கட்சிகளுக்கும் ஒரே சட்டத்திருத்தம் நிழல் தந்தது.

அமெரிக்காவிலும் இதே சிக்கல் வேறு வடிவில் இருக்கிறது. 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் ‘சிட்டிசன்ஸ் யுனைடெட்’ வழக்கில் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, வேட்பாளரோடு நேரடித் தொடர்பில்லாத அமைப்புகள் தேர்தலில் வரம்பின்றிச் செலவழிக்கலாம் என்றானது. லாப நோக்கமற்றவை என்று பதிவு செய்துகொண்ட சில அமைப்புகள் கொடையாளர் பெயரையும் வெளியிடுவதில்லை. அங்கே இதை ‘இருட்டுப் பணம்’ என்கிறார்கள். 2024 தேர்தலில் எலான் மஸ்க் என்ற ஒரே செல்வந்தர் 25 கோடி டாலருக்கு மேல் செலவிட்டார். அவர் பெயராவது வெளியே தெரிந்தது. தெரியாமல் போன பெயர்களே அதிகக் கவலைக்குரியவை.

மறைவான தர்மமும் மறைவான நன்கொடையும்

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியாமல் தர்மம் செய்வதை நமது மார்க்கம் சிறப்பித்துக் கூறுகிறது. அப்படியானால் கட்சிக்கு மறைவாகக் கொடுப்பதில் என்ன தவறு என்று சிலர் கேட்கலாம். தர்மம் செய்பவர் பதிலுக்கு எதையும் எதிர்பார்ப்பதில்லை. அதனால் பெயரை மறைக்கிறார். அதிகாரத்துக்கு வரப்போகிறவருக்குக் கோடிகளைக் கொடுப்பவர், எதிர்பார்ப்பது என்ன என்பதை மறைக்கவே பெயரை மறைக்கிறார். இரண்டும் ஒன்றல்ல.

ஸகாத் வசூலிக்க அனுப்பப்பட்ட ஒருவர், வசூலில் ஒரு பகுதி தமக்கு வந்த அன்பளிப்பு என்று சொன்னபோது, அவர் தம் பெற்றோர் வீட்டில் உட்கார்ந்திருந்தால் அது அவரைத் தேடி வந்திருக்குமா என்று நபி (ஸல்) அவர்கள் கேட்டதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் பதிவாகியுள்ளது. பதவிக்காக வரும் பணத்தை எடை போட இந்த ஒரு கேள்வி போதும். எந்த மதத்தைச் சேர்ந்த வாக்காளரும் இதைக் கேட்கலாம்.

நாம் செய்யக்கூடியவை

வேட்பாளர் தம் சொத்து, கடன், குற்ற வழக்கு விவரங்களை வெளியிட வேண்டும் என்பது 2002இல் உச்ச நீதிமன்றம் தந்த உரிமை. அதன் வலிமையைத் தேனி பார்த்திருக்கிறது. 2019இல் வென்ற ஓ.பி. ரவீந்திரநாத் பிரமாணப் பத்திரத்தில் சொத்து விவரங்களை மறைத்தார் என்று தொகுதி வாக்காளர் ஒருவர் தொடுத்த வழக்கில், 2023 ஜூலை 6 அன்று சென்னை உயர் நீதிமன்றம் அந்த வெற்றி செல்லாது என்று தீர்ப்பளித்தது. ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்தி வைத்தது. ஆனாலும் ஒரு சாதாரண வாக்காளர் கேள்வி கேட்டால் நீதிமன்றம் செவிமடுக்கும் என்பது நிரூபணமானது.

அடுத்த தேர்தலில் வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரங்களைத் தேர்தல் ஆணைய இணையதளத்தில் படியுங்கள். கட்சிகள் ஆண்டுதோறும் தரும் நன்கொடை அறிக்கைகளும் அங்கேயே கிடைக்கின்றன. பணப் பட்டுவாடாவைக் கண்டால் 1950 என்ற எண்ணிலோ ‘சி-விஜில்’ செயலியிலோ புகார் செய்யுங்கள். செயலியில் உங்கள் பெயரைத் தெரிவிக்காமலும் புகார் அனுப்பலாம். உத்தமபாளையம், சின்னமனூர், கம்பம் என்று ஒவ்வோர் ஊரிலும் படித்த இளைஞர்கள் நான்கு பேர் சேர்ந்து இவற்றை வாசித்து மக்களுக்கு எளிய தமிழில் சொன்னாலே பெரிய மாற்றம் வரும், இன்ஷா அல்லாஹ்.

முல்லைப்பெரியாறு நீருக்காகவும், திராட்சைக்கு நியாயமான விலைக்காகவும், ஏலத்தோட்டத் தொழிலாளர் பாதுகாப்புக்காகவும் நம் பிரதிநிதி வாய் திறக்க வேண்டிய நாள் வரும். அன்று அவர் யார் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசுவார் என்பதை வாக்களிக்கும் முன்பே அறிந்துகொள்ள நமக்கு உரிமை இருக்கிறது. உறையை வாங்கிக்கொண்டவருக்கு அந்தக் கேள்வியைக் கேட்க நா எழாது.