கிரிப்டோ வர்த்தகம்: பணம் போடும் முன் அறிய வேண்டிய சொற்கள்

திறன்பேசியில் ஒரு செயலியைப் பதிவிறக்கி, பான், ஆதார் விவரங்களை அளித்தால் சிறிது நேரத்திலேயே கிரிப்டோ நாணயங்களை வாங்கத் தொடங்கிவிடலாம். ஆனால் திரையில் தோன்றும் சொற்களின் பொருள் அறியாமல் வர்த்தகத்தில் இறங்குவோர், இழப்பு ஏற்பட்ட பின்னரே அவற்றின் பொருளை அறிந்துகொள்ள நேரிடுகிறது.

இந்தியாவில் கிரிப்டோ நாணயம் சட்டபூர்வச் செலாவணி அல்ல; எனினும் அதை வாங்கவோ விற்கவோ தடையில்லை. கிரிப்டோ நிறுவனங்களுக்கு வங்கிச் சேவை வழங்கக் கூடாது என 2018 ஏப்ரலில் ரிசர்வ் வங்கி பிறப்பித்த சுற்றறிக்கையை, உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 4-ஆம் தேதி ரத்து செய்தது. பங்குச் சந்தையைச் செபி கண்காணிப்பதுபோல் கிரிப்டோ சந்தைக்கெனத் தனி ஒழுங்காற்று அமைப்பு இல்லை. ஆகவே, அடிப்படைச் சொற்களை அறிந்திருப்பதே முதலீட்டாளரின் முதல் பாதுகாப்பு.

நாணயமும் டோக்கனும்

தனக்கெனச் சொந்தமான பிளாக்செயின் பதிவேட்டில் இயங்குவது நாணயம். எத்தீரியம் போன்ற வேறொரு பிளாக்செயினின் மேல் உருவாக்கப்படுவது டோக்கன். 2009-இல் புழக்கத்துக்கு வந்த பிட்காயினின் மொத்த எண்ணிக்கை 2.1 கோடியைத் தாண்டாதவாறு அதன் நிரல் வரையறுத்துள்ளது. ஒரு பிட்காயினில் 10 கோடி சடோஷிகள் உள்ளதால், முழு நாணயத்தை வாங்க வேண்டிய கட்டாயமில்லை. பிட்காயின் அல்லாத பிற நாணயங்கள் ஆல்ட்காயின்கள் எனப்படுகின்றன.

டாலர் போன்ற ஒரு செலாவணியின் மதிப்போடு இணைக்கப்பட்டது ஸ்டேபிள்காயின். பெயரில் நிலைத்தன்மை இருந்தாலும் அதற்கு உத்தரவாதமில்லை. ஒரு டாலர் மதிப்பில் நிற்க வேண்டிய டெராயுஎஸ்டி, 2022 மே மாதம் சில நாள்களிலேயே சரிந்தது.

சந்தை மதிப்பு

ஒரு நாணயத்தின் விலையைப் புழக்கத்திலுள்ள எண்ணிக்கையால் பெருக்கினால் கிடைப்பது சந்தை மதிப்பு. 10 காசுக்கு விற்கும் நாணயத்தை மலிவானது எனக் கருதுவது புதியவர்கள் செய்யும் பொதுவான பிழை. அத்தகைய நாணயம் 10,000 கோடி எண்ணிக்கையில் இருந்தால், அதன் சந்தை மதிப்பு ஏற்கெனவே ரூ.1,000 கோடி. விலை ஒரு ரூபாயை எட்ட வேண்டுமெனில், மொத்த மதிப்பு ரூ.10,000 கோடியாக உயர வேண்டும்.

வாங்கும், விற்கும் ஆணைகள்

வாங்குவோர் தர முன்வரும் அதிகபட்ச விலை 'பிட்'. விற்போர் கேட்கும் குறைந்தபட்ச விலை 'ஆஸ்க்'. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 'ஸ்ப்ரெட்'. வாங்குவோரும் விற்போரும் குறைவாக உள்ள நாணயங்களில் இந்த இடைவெளி பொதுவாகவே பெரிதாக இருக்கும்.

கிடைக்கும் விலையில் உடனடியாக வாங்கவோ விற்கவோ இடுவது 'மார்க்கெட் ஆர்டர்'. குறித்த விலையிலோ அதைவிடச் சாதகமான விலையிலோ மட்டும் நிறைவேறுவது 'லிமிட் ஆர்டர்'. முன்னதில் விலைக்கு உறுதியில்லை. பின்னதில் வர்த்தகம் நடக்கும் என்பதற்கு உறுதியில்லை. எதிர்பார்த்த விலைக்கும் நிறைவேறிய விலைக்கும் உள்ள வேறுபாடு 'ஸ்லிப்பேஜ்'. விலை குறிப்பிட்ட அளவுக்கு இறங்கினால் விற்றுவிடுமாறு முன்கூட்டியே இடும் ஆணை 'ஸ்டாப் லாஸ்'. திடீர்ச் சரிவின்போது அதுவும் குறித்த விலையைவிடக் கீழே நிறைவேறக்கூடும்.

கடன் வாங்கி வர்த்தகம்

கையிலுள்ள தொகையைவிடப் பன்மடங்கு மதிப்புக்கு வர்த்தகம் செய்வது 'லீவரேஜ்'. ரூ.10,000 வைத்திருப்பவர் 10 மடங்கு லீவரேஜில் ரூ.1 லட்சத்துக்கு வாங்கினால், விலை 10 சதவீதம் இறங்கியதும் அவரது முழுத் தொகையும் போய்விடும். நடைமுறையில், அந்த நிலையை எட்டும் முன்பே பரிமாற்றகம் வர்த்தகத்தைத் தானாக முடித்துவிடும். இதுவே 'லிக்விடேஷன்'. கிரிப்டோ சந்தை இரவு, பகல், விடுமுறை என எந்நேரமும் இயங்குவதால், முதலீட்டாளர் உறங்கும்போதும் இது நிகழலாம்.

வாலட்டும் தனிச்சாவியும்

வாலட்டில் இருப்பது நாணயம் அல்ல; அதைச் செலவிடும் உரிமையைத் தரும் தனிச்சாவியே. பொதுவாக 12 அல்லது 24 சொற்களாலான மீட்புச் சொற்றொடரைக் கொண்டு அந்தச் சாவியை மீட்கலாம். அச்சொற்களை அறிந்த எவரும் பணத்தை எடுத்துவிடலாம் என்பதால், எவரிடமும் பகிரக் கூடாது. இணையத்துடன் இணைந்திருப்பது 'ஹாட் வாலட்'. இணையாதது 'கோல்ட் வாலட்'.

நாணயங்களைப் பரிமாற்றகத்திலேயே விட்டுவைத்தால் சாவி அந்த நிறுவனத்திடம் இருக்கும். 2022 நவம்பரில் எஃப்டிஎக்ஸ் பரிமாற்றகம் திவால் பாதுகாப்பு கோரியபோதும், 2024 ஜூலையில் இந்தியாவின் வாசிர்எக்ஸ் தளத்திலிருந்து சுமார் 23 கோடி டாலர் மதிப்பிலான சொத்துகள் திருடப்பட்டபோதும், வாடிக்கையாளர்களால் தங்கள் இருப்பை எடுக்க முடியாமல் போனது.

வரிக் கணக்கு

வரிச் சட்டத்தில் கிரிப்டோவுக்கு 'மெய்நிகர் டிஜிட்டல் சொத்து' என்று பெயர். 2022 ஏப்ரல் 1 முதல் இதன் லாபத்துக்கு 30 சதவீத வரியும், அதன் மேல் கூடுதல் தீர்வைகளும் விதிக்கப்படுகின்றன. வாங்கிய விலையைத் தவிர வேறு செலவுகளைக் கழிக்க முடியாது. ஒரு நாணயத்தின் இழப்பை மற்றொன்றின் லாபத்தில் ஈடுகட்டவும் இயலாது. ஒன்றில் ரூ.1 லட்சம் லாபமும் மற்றொன்றில் ரூ.1 லட்சம் இழப்பும் கண்டவருக்கு நிகர வருவாய் ஏதுமில்லை. ஆயினும் அவர் ரூ.30,000 வரியும் தீர்வையும் செலுத்த வேண்டும். 2022 ஜூலை 1 முதல், குறிப்பிட்ட வரம்பைத் தாண்டும் விற்பனைத் தொகையில் ஒரு சதவீதம் முன்வரியாகப் பிடித்தம் செய்யப்படுகிறது.

மோசடிச் சொற்கள்

பொய்யான பரபரப்பால் விலையை ஏற்றி, மற்றவர்கள் வாங்கியதும் விற்று வெளியேறுவது 'பம்ப் அண்ட் டம்ப்'. முதலீட்டைத் திரட்டிய பின் திட்டத்தைக் கைவிட்டு உருவாக்கியவர்களே மறைவது 'ரக் புல்'. உறுதியான லாபம் தருவதாகச் சமூக ஊடகக் குழுக்களில் வரும் அழைப்புகள் பலவற்றின் பின்னணியில் இத்தகைய மோசடிகள் உள்ளன.

2023 மார்ச் முதல் கிரிப்டோ நிறுவனங்கள் பணமோசடித் தடுப்புச் சட்டத்தின் வரம்புக்குள் வந்துள்ளன. அவை நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவு செய்துகொள்ள வேண்டும். ஆனால் அந்தப் பதிவு, முதலீட்டுக்கான உத்தரவாதம் அல்ல. மோசடியில் பணத்தை இழந்தவர்கள் தாமதமின்றி 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் அளிக்கலாம்.