கடல்நீரில் மீயொலி உட்கவர்தல்

20,000 ஹெர்ட்சுக்கு மேற்பட்ட, நம் செவிக்கு எட்டாத ஒலி மீயொலி எனப்படும். நீர்மத்தில் செல்லும்போது அதன் ஆற்றலில் ஒரு பகுதி வெப்பமாக மாறிவிடுகிறது. இதுவே உட்கவர்தல். ஈயக்குண்டு கட்டிய கயிற்றை விட்டுப் பாகக் கணக்கில் ஆழம் பார்த்த பாம்பன், இராமேசுவரம் கரைக்கு எதிரொலிமானி வந்தபின் இது ஆய்வகச் செய்தி மட்டுமன்று.

நீரின் பாகுநிலையால் ஒலி எவ்வளவு குறையும் என 1845இல் ஸ்டோக்சு கணக்கிட்டார். பின்னாளில் அளந்தபோது தூய நீரில் இழப்பு அதைப்போல் ஏறத்தாழ 3 மடங்கு இருந்தது. அழுத்தத்தால் குலையும் மூலக்கூறு அமைப்பு மீளச் சற்றுக் காலம் பிடிப்பதே காரணம் என 1948இல் ஹால் விளக்கினார். அதிர்வெண் இரட்டித்தால் இழப்பு நான்கு மடங்காகும். தூய நீரில் 1 மெகாஹெர்ட்சு ஒலியின் செறிவு சுமார் 14 மீட்டரில் பாதியாகும். 10 மெகாஹெர்ட்சில் 14 சென்டிமீட்டரே போதும்.

மீயொலி பாயும் நீர்மம் ஒளியை விளிம்பு விலகச் செய்வதை 1932இல் அமெரிக்காவில் டிபையும் சியர்சும், பிரான்சில் லூக்காவும் பிக்காரும் கண்டனர். இதற்கு முறையான கொள்கை தந்தவர்கள் நம் சி. வி. இராமனும் நாகேந்திர நாத்தும் (1935–36, பெங்களூர்). பள்ளிப் பாடங்கள் இராமன் விளைவோடு நின்றுவிடுவதால் பலர் இதை அறிவதில்லை.

கடல்நீர் வேறொரு புதிர். 100 கிலோஹெர்ட்சுக்குக் கீழே அதில் இழப்பு தூய நீரைவிடச் சுமார் 30 மடங்கு. காரணம் சோற்றுப்பு அன்று. அளவில் மிகக் குறைந்த மக்னீசியம் சல்பேட்டு! ஒலியழுத்தத்தால் அதன் அயனிகள் பிரிந்து சேர்வதில் ஆற்றல் செலவாகிறது. நீர்மூழ்கிகளைத் தேடிய இரண்டாம் உலகப்போர் இந்த ஆய்வை விரைவுபடுத்தியது.

மூன்றாவது காரணம் சேறு. அலை நீரை அசைக்கும்போது கனமான துகள் அதே அளவு அசையாமல் பின்தங்கும். அந்த உராய்வில் ஒலி தேயும். வெண்களிமண், மணல் தொங்கல்களில் இதை அளந்து 1948இல் வெளியிட்டவர் யூரிக். நுண்துகளில் உராய்வு முதன்மை. பருமணலில் ஒலி சிதறுவதே மிகுதி.

மண்டபத்துக்கு இருபுறமும் இதைப் பொருத்திப் பார்க்கலாம். வடகடலான பாக்கு விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்குக் குறைந்த ஆழமுடையது. அவ்வளவு குறுகிய பாதையில் உப்பால் நேரும் இழப்பு அற்பம். ஆனால் வாடைக்காற்றில் அடிச்சேறு கிளம்பித் திரளும் இடத்தில் எதிரொலி மங்கும். அப்போது தென்கடலான மன்னார் வளைகுடா தெளிந்திருக்கும். தென்மேற்குப் பருவத்தில் நிலை மாறும். இன்று ஒலி மங்கும் அளவையும் சிதறும் அளவையும் கொண்டே நீரில் மிதக்கும் சேற்றின் அளவைக் கணிக்கிறார்கள்.