தலை நீட்டாத குறி

முதல் உலகப் போர். 1915 மே மாதம், துருக்கியின் கலிப்பொலி. குவின்ஸ் போஸ்ட் என்ற முகட்டில் ஆஸ்திரேலியர்களின் பதுங்குகுழிக்கும் துருக்கியர்களின் பதுங்குகுழிக்கும் நடுவே சில இடங்களில் 15 மீட்டர்கூட இல்லை. அந்தப் பக்கம் ஒருவன் இருமினால் இந்தப் பக்கம் கேட்கும். பகலில் மண்மூட்டைக்கு மேல் தலை தெரிந்தால் போச்சு. வெளியே பார்க்க வேண்டுமா, பெரிஸ்கோப் இல்லாமல் முடியாது.

பெயர்தான் பெரிசு. உள்ளே இருப்பது ஒரு நீளப் பெட்டியும் இரண்டு கண்ணாடித் துண்டுகளும்தான். 45 டிகிரி சாய்ந்த மேல் கண்ணாடி எதிரிலிருந்து வரும் ஒளியைக் கீழே திருப்பும். அதற்கு இணையாகச் சாய்ந்த கீழ்க் கண்ணாடி அதைக் கண்ணுக்கு அனுப்பும். முதல் கண்ணாடி புரட்டியதை இரண்டாவது நேராக்கிவிடும். அதனால் காட்சி தலைகீழாகவும் தெரியாது, இடம் வலம் மாறியும் தெரியாது. பெட்டி நீள நீளக் காட்சி குறுகும் என்பது ஒன்றுதான் குறை. நீர்மூழ்கிக் கப்பலின் நெடுங்குழாயில் வரிசையாக லென்ஸ் வைப்பது அதற்காகத்தான். குழிக்குள் நிற்பவனுக்கு அந்தச் செலவெல்லாம் எதற்கு?

மே 14 அன்று படைத்தளபதி பேர்ட்வுட் அங்கே வந்தார். பெரிஸ்கோப்பில் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒரு குண்டு அவர் உச்சந்தலையை உரசிக்கொண்டு போனது. பெரிஸ்கோப்பால் பார்க்கத்தான் முடிந்தது, திருப்பிச் சுட முடியவில்லை.

அதற்கு வழி கண்டவர் விஞ்ஞானி இல்லை. சிட்னியில் கட்டட வேலைகளை மேய்த்த வில்லியம் பீச், லான்ஸ் கார்ப்பரல். துப்பாக்கிக் கட்டைக்குக் கீழே ஒரு மரச்சட்டத்தைப் பூட்டினார். மேல் கண்ணாடி துப்பாக்கியின் குறிமுனையைப் பார்க்கும். கீழ்க் கண்ணாடி சுடுபவனின் கண்ணெதிரே இருக்கும். விசையை இழுக்க ஒரு கயிறு. துப்பாக்கி மண்மூட்டை மேலே, ஆள் கீழே!

மேஜர் பிளேமி கண்ணில் இது பட்டது. உடனே கடற்கரையில் ஒரு பட்டறை முளைத்தது. மரத்துக்குப் பஞ்சமில்லை, கண்ணாடிக்கு எங்கே போவது? கரைக்கு அப்பால் நங்கூரமிட்டிருந்த கப்பல்களின் நிலைக்கண்ணாடிகளைக் கழற்றி வந்து துண்டு போட்டார்கள். அதிகாரிகள் அதன்பின் எதைப் பார்த்துச் சவரம் செய்துகொண்டார்களோ!

சில வாரங்களில் குவின்ஸ் போஸ்ட்டின் எதிர்ப்பக்கத்திலும் பகலில் தலைகள் தெரிவது நின்றுபோனது.

(தொடரும்)