குளப்பண்ணைக் கோடைப் பள்ளி

கலைஞன் பிறக்கின்றானா, ஆக்கப்படுகின்றானா என்னும் வினா நம் வட்டத்தின் கூட்டங்களில் இப்பத்தாண்டுகளில் எத்தனை முறை எழுந்திருக்கும்! கவியரங்கம் முடிந்த பின்னரும், கொண்டுவந்த தேநீர் ஆறிப்போகும் வரை, அன்பர்கள் அதனைப் பேசியதுண்டு. யாப்பைக் கற்றுத் தேர்ந்த பின்னரே எழுதுகோலைத் தொட வேண்டும் என்பார் ஒரு சாரார். யாப்பு கவிஞனின் காற்கட்டு என்பார் மறுசாரார். இவ்வழக்குக்குத் தீர்ப்பு எழுத நான் முற்படவில்லை. இதே வழக்கைச் சொல்லால் அன்றிக் களிமண்ணால் எதிர்கொண்ட ஒரு பெண்மணியின் பள்ளியைப் பற்றியே இம்மலரில் எழுத விழைகின்றேன்.

அப்பள்ளி அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், குர்ன்வில் என்னும் சிற்றூருக்கு அருகே, வானளாவிய ரெட்வுட் மரக்காட்டை ஒட்டிய மேட்டுநிலத்தில் அமைந்த ஒரு பண்ணையில் நடைபெற்றது. பண்ணைக்குள் ஒரு குளம் இருந்தமையால் பாண்ட் ஃபார்ம் என்று பெயர். நாம் குளப்பண்ணை என்போம். மார்கரீட் வில்டன்ஹைன் என்னும் குயத்தியார் ஏறத்தாழ முப்பது கோடைகள் அங்கே மண்வனைதல் கற்பித்தார். குயத்தி என்னும் சொல்லைத் தயக்கமின்றியே ஆளுகின்றேன். அவர் தம்மைக் கலைஞர் என்று அழைப்பதைக் காட்டிலும் குயவர் என்று அழைப்பதையே விரும்பியவர்.

அவர் 1896ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் லியோன் நகரில் பிறந்தார். தந்தையார் ஜெர்மானிய யூதர்; தாயார் ஆங்கிலேயர். இளமையில் பீங்கான் ஆலையொன்றில் வடிவமைப்பாளராகப் பணிபுரிந்த காலத்தில், 1919இல், வைமார் நகருக்குச் சென்றவர், அங்கே வால்ட்டர் குரோப்பியசு வெளியிட்டிருந்த அறிக்கையைக் கண்டார். பௌஹௌஸ் என்னும் புதிய கலைப்பள்ளியின் தொடக்க அறிக்கை அது. கலைஞனுக்கும் கைவினைஞனுக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை, அனைவரும் கைத்தொழிலுக்குத் திரும்ப வேண்டும் என்பதே அதன் சாரம். அம்மையார் அப்பொழுதே அப்பள்ளியில் சேர முடிவு செய்தார்.

பௌஹௌஸ் என்றதும் கண்ணாடியும் இரும்பும் கொண்ட கட்டடங்களே நம் நினைவுக்கு வரும். அப்பள்ளியின் மட்பாண்டப் பிரிவோ நகரிலேயே இல்லை. வைமாரில் இடமும் சூளையும் வாய்க்காமையால், 1920இல் அது சாலே ஆற்றங்கரையிலுள்ள தோர்ன்பர்க் என்னும் ஊருக்குச் சென்றது. அங்குள்ள அரண்மனையின் பழைய குதிரை லாயமே பட்டறையாயிற்று. ஆசிரியர் இருவர். ஒருவர் கெர்கார்ட் மார்க்ஸ், சிற்பி, வடிவத்திற்குப் பொறுப்பானவர். மற்றொருவர் மாக்ஸ் கிரேகான். வழிவழியாக மண் வனைந்த குடும்பத்தில் வந்த நாட்டுப்புறக் குயவர் அவர். மாணவர்கள் விறகு பிளந்தனர், மண் பிசைந்தனர், சூளைக்குக் காவல் இருந்தனர். நவீனக் கலையின் தலைவாசல் எனப் போற்றப்படும் பள்ளியின் ஒரு கிளை, ஒரு கிராமத்துக் குயவரின் காலடியில் அமர்ந்து பாடங்கேட்டது என்னும் செய்தி என் மனத்தைப் பெரிதும் ஈர்த்ததாகும். புதுமை பழமையிடம் கைகட்டி நின்ற காட்சியன்றோ அது!

1925இல் பௌஹௌஸ் தெசாவ் நகருக்குப் பெயர்ந்தபோது மட்பாண்டப் பட்டறையை உடன் கொண்டு செல்லவில்லை. கிரேகானும் அதே ஆண்டில் மறைந்தார். மார்கரீட் ஹாலே நகரின் கலைப்பள்ளியில் மட்பாண்டத் துறைக்குத் தலைமை ஏற்றார். குயவர் ஆசான் என்னும் தொழிற்பட்டமும் பெற்றார். ஜெர்மனியில் அதனைப் பெற்ற முதற் பெண் அவரே என்பர். பெர்லினின் அரசுப் பீங்கான் ஆலைக்காக அவர் வடிவமைத்த தேநீர்க் கலங்கள் அழகின் எளிமைக்குச் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டப்படுகின்றன. 1933இல் நாட்சிகள் ஆட்சியைக் கைப்பற்றியதும் யூதர் என்னும் ஒரே காரணத்தால் அப்பதவி பறிபோயிற்று. கணவர் பிரான்ஸ் வில்டன்ஹைனுடன் நெதர்லாந்தின் புட்டன் என்னும் ஊருக்குச் சென்று, சிறுசாடி என்று பொருள்படும் பெயரில் ஒரு பட்டறையை நிறுவினார். 1940இல், ஜெர்மானியப் படை அந்நாட்டுக்குள் நுழையுமுன், அவர் மட்டும் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். கணவருக்கு அனுமதி கிட்டவில்லை. பின்னர் அவர் ஜெர்மானியப் படையிலேயே சேர்க்கப்பட்டார். மனைவி யூத ஏதிலி. கணவர் அவரைத் துரத்திய அரசின் படைவீரர். இருவரும் மீண்டும் சந்திக்க 1947 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

குளப்பண்ணையின் உரிமையாளர்கள் கார்டன் ஹெர் என்னும் கட்டடக் கலைஞரும் அவர்தம் மனைவி ஜேனும் ஆவர். போர்க்காலத்தில் கலைஞர்கள் கூடி வாழவும் கற்பிக்கவும் ஒரு புகலிடம் வேண்டும் என்பது அவர்தம் கனவு. மார்கரீட் 1942இல் அங்கே குடியேறினார். பழைய கொட்டகை ஒன்று பட்டறையாக மாற்றப்பட்டது. 1949இல் முறையான கோடைப் பயிற்சி தொடங்கியது. நெசவுக்கு ட்ரூடே கெர்மோன்ப்ரே, உலோகப் பணிக்கு விக்டர் ரீஸ், மண்ணுக்கு வில்டன்ஹைன் இணையர் எனச் சிறந்ததொரு குழு அமைந்தது.

கூட்டு வாழ்வு நெடுநாள் நிலைக்கவில்லை. பிரான்ஸ் 1950இல் கிழக்குக் கரைப் பகுதிக்கு ஆசிரியப் பணி ஏற்றுச் சென்றார், திருமணமும் முறிந்தது. ஜேன் ஹெர் 1952இல் காலமானார். ஏனையோரும் கலைந்தனர். கலைஞர்களைக் கூட்டிச் சங்கம் நடத்துவதன் அருமைப்பாட்டைப் பத்தாண்டு நிறைவு காணும் நம் வட்டத்தார்க்கு நான் விளக்க வேண்டுவதில்லை. மார்கரீட் மட்டும் போகவில்லை. தனியொருவராய் அதே கொட்டகையில் பள்ளியைத் தொடர்ந்தார். உண்மையில் குளப்பண்ணையின் புகழ் இதற்குப் பின்னரே தொடங்குகின்றது.

ஒவ்வொரு கோடையிலும் ஒன்பது வாரம் பயிற்சி. சற்றொப்ப இருபது பேர் வருவர். அவர்களுள் பலர் கல்லூரிகளில் மட்பாண்டக் கலை கற்பித்தவர்கள். கண்காட்சிகளில் கலங்களை வைத்தவர்கள். பண்ணைக்குள் நுழைந்தபின் அந்தத் தகுதிகளுக்கு மதிப்பில்லை. பட்டறையில் மின்சக்கரம் இல்லை. காலால் உதைத்துச் சுழற்றும் சக்கரங்களே இருந்தன. எல்லாரும் முதலில் வனைய வேண்டியது நாய்க்கு உணவு வைக்கும் தட்டு! அகன்று தாழ்ந்த, அலங்காரம் ஏதுமற்ற கலம் அது. ஆனால் மண்ணைச் சக்கரத்தின் நடுவில் அசையாது நிறுத்துதல், அடியைச் சமன் செய்தல், சுவரை ஒரே கனத்தில் எழுப்புதல், விளிம்பை முடித்தல் என இத்தொழிலின் அடிப்படைகள் யாவும் அதனுள் அடங்கியுள்ளன. அது கைவந்த பின்னரே பூந்தொட்டி. பின்னர்ப் படிப்படியாக உருளை, கிண்ணம், மூடி, பிடி, மூக்கு. பிடியும் மூக்கும் மூடியும் ஒருங்கே பொருந்த வேண்டிய தேநீர்க் கெண்டி இறுதியில்தான் வரும். முதற் பருவத்தில் அசை, சீர், தளை என்று கரும்பலகையில் எழுதி, வெண்பாவை எப்போது தொடுவோம் என்று மாணவியர் ஏங்கும் முகங்களைக் கண்டு பழகிய எனக்கு இவ்வரிசையின் நியாயம் நன்கு விளங்குகின்றது. அம்மாணவர்களின் எரிச்சலும் விளங்குகின்றது.

வியப்பு அதுவன்று. கோடை முழுதும் வனைந்த கலங்களுள் ஒன்றையும் மாணவர்கள் வீட்டிற்குக் கொண்டுபோக இயலாது. அவை சூளைக்கே செல்வதில்லை. ஆசிரியை அவற்றைப் பார்த்துக் குறை நிறை கூறுவார். பின்னர் அவை நீரில் கரைந்து மீண்டும் களிமண்ணாகும். மறுநாள் அதே மண் சக்கரத்தில் ஏறும். ஒன்பது வாரம் உழைத்தவர் வெறுங்கையோடு திரும்புவார். காட்டுவதற்கு ஏதுமில்லை, கைகளில் படிந்த பழக்கம் மட்டுமே மிச்சம். பயிலரங்கு முடிந்ததும் பங்கேற்றோர் கவிதைகளைத் தொகுத்து நூலாக்கிவிடும் நம் வழக்கத்தை இதனோடு ஒப்பிட்டு நோக்குவார்க்குச் சிறிது நாணம் பிறக்கலாம்.

இனி, அம்மையார் பெயரோடு என்றும் இணைத்துப் பேசப்படும் விவாதத்திற்கு வருவோம். பெர்னார்டு லீச் என்னும் ஆங்கிலேயக் குயவர் ஜப்பானில் தொழில் பயின்று, 1920இல் ஹமாதா ஷோஜியுடன் இங்கிலாந்தின் செயின்ட் ஐவ்ஸ் ஊரில் பட்டறை அமைத்தவர். 1940இல் அவர் வெளியிட்ட நூல் மேலை நாட்டுக் குயவர்களுக்கு மறைநூல் போல விளங்கியது. அமெரிக்கச் சுற்றுப்பயணத்துக்குப் பின் 1950இல் அவர் எழுதிய கட்டுரையில், அமெரிக்கக் குயவர்களுக்கு மரபாகிய ஆணிவேர் இல்லை என்னும் கருத்தைக் கூறினார். 1952 அக்டோபரில் வட கரோலினாவின் பிளாக் மவுண்டன் கல்லூரியில் நடந்த மட்பாண்டக் கருத்தரங்கில் லீச், ஹமாதா, அறிஞர் யானகி சோயெத்சு, மார்கரீட் ஆகிய நால்வரும் ஒருங்கே பங்கேற்றனர். மறு ஆண்டில், ஓர் இதழில், லீச்சுக்கு ஒரு பகிரங்கக் கடிதத்தை மார்கரீட் எழுதினார். சீனத்துச் சோங் காலக் கலங்களைப் போலச் செய்தோ, ஜப்பானியச் சிற்றூர் வாழ்வை நடித்தோ அமெரிக்கர் வேரூன்ற முடியாது என்பதும், பல நாட்டிலிருந்தும் வந்து கூடிய மக்களுக்கு வேர்களும் பலவாகத்தான் இருக்கும் என்பதும் அக்கடிதத்தின் கருத்து.

லீச் கூறியதில் உண்மையே இல்லை என்று நான் கருதவில்லை. ஒரே ஆற்றுமண்ணைப் பல தலைமுறை தொட்ட கையில் உள்ள உறுதி வேறுதான். கிரேகானிடம் மார்கரீட் பெற்றதும் அதுவே. ஆயினும் அவ்வுறுதி தோர்ன்பர்க் மண்ணோடு நின்றுவிடவில்லை என்பதை அவர் வாழ்க்கையே காட்டிற்று. ஹாலேயில், புட்டனில், குர்ன்வில்லில் மண் ஒவ்வொரு முறையும் வேறு; கை ஒன்றே. பிறந்த மண்ணை விட்டுத் துரத்தப்பட்ட ஒருத்தியிடம் வேர் இல்லை என்று சொன்னால் அவள் சினவாதிருப்பாளா?

ஆனால் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். அவர்தம் பள்ளி நடந்த காலத்திலேயே பீட்டர் வோல்கோஸ் போன்றோர் கலம் என்னும் எல்லையை உடைத்து, களிமண்ணைக் கிழித்தும் அடுக்கியும் பெருவடிவங்களைப் படைத்தனர். 1954இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் வோல்கோஸ் தொடங்கிய துறையிலிருந்து ஒரு புதிய தலைமுறையே புறப்பட்டது. யாப்பைத் துறந்த புதுக்கவிதைக்காரரைப் பண்டிதர் நோக்கியது போலவே இவர்களை மார்கரீட் நோக்கினார். அவர் மாணாக்கர் பலரின் கலங்களில் அவர்தம் சாயல் மிகுதியாகப் படிந்துள்ளது என்பாரும் உளர். அக்குறையை முற்றிலும் மறுக்க என்னால் இயலவில்லை. பிளாக் மவுண்டனில் இலக்கியம் கற்பித்த கவிஞர் எம். சி. ரிச்சர்ட்ஸ் குயவராகவும் ஆகி, மண்ணை நடுவில் நிறுத்தும் செயலையே மையமாக்கிக் கவிதையையும் வாழ்வையும் ஆராய்ந்து 1964இல் ஒரு நூல் வெளியிட்டார். கவிஞர்கள் தேடிப் படிக்கத்தக்க நூல் அது.

1963இல் கலிபோர்னிய அரசு அந்நிலத்தைப் பூங்காவுக்காகக் கையகப்படுத்தியது. மீண்டும் இருப்பிடத்தை இழக்கும் நிலை. எனினும் வாழ்நாள் முழுதும் அங்கேயே தங்க அவருக்கு உரிமை வழங்கப்பட்டது. மட்பாண்டத் தொழில் பற்றி 1959இலும் தம் வாழ்க்கை பற்றி 1973இலும் நூல்கள் எழுதினார். மாணவர் டீன் ஷ்வார்ஸ் அயோவா மாநிலத்தில் சௌத் பேர் என்னும் பள்ளியை நிறுவி, ஆசிரியையின் முறையை அங்கே கொண்டுசென்றார். 1985 பிப்ரவரியில் குளப்பண்ணையிலேயே மார்கரீட் கண்மூடினார். 2020 ஆகஸ்டில் மூண்ட காட்டுத்தீ அம்மலைப்புறத்தைச் சூழ்ந்து எரித்தது. மாணவர்கள் நாய்த்தட்டு வனைந்த அக்கொட்டகை மட்டும் எரியாமல் தப்பி நிற்கின்றது.